வேலூரில் எல்கேஜி சீட் தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

முதலில் குழந்தையை உட்காரவைத்து ஏ டு இசட் ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். சீட் அதனால் கிடைப்பதில்லை. காட்பாடி காந்தி நகரிலோ சத்துவாச்சாரியிலோ பேர் போன பள்ளி எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே நடப்பது அறிவுப் போட்டி அல்ல, வெறும் கணக்கு.

அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, எல்கேஜியில் 2 செக்‌ஷன், மொத்தம் 80 இடம் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் 25 சதவீதம், அதாவது 20 இடம், ஏழை மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு ஒரு 20, வேலை பார்க்கும் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு நாலைந்து என்று கழித்தால், வெளியாட்களுக்கு மிஞ்சுவது 35தான். அதற்குத்தான் சிஎம்சி டாக்டரும் விஐடி பேராசிரியரும் பஜாரில் கடை வைத்திருப்பவரும் குடியாத்தத்திலிருந்து வீடு மாற்றி வந்தவரும் முட்டிக்கொள்கிறார்கள். எனவே பள்ளி அலுவலகத்தில் “சீட் இருக்கா?” என்று கேட்காதீர்கள், “இருக்கு, அப்ளிகேஷன் வாங்கிக்கோங்க” என்றுதான் பதில் வரும். “தம்பி தங்கை கோட்டா போக வெளியாட்களுக்கு எத்தனை இடம்?” என்று கேளுங்கள். பலர் மழுப்புவார்கள், ஆனால் அங்கேயே பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரிடம் கேட்டால் உண்மை நிலவரம் வந்துவிடும்.

வேலூரில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே பெயர் பெற்ற பழைய பள்ளிகளில் பல கிறிஸ்தவ மிஷன் வழி வந்தவை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்த 25 சதவீதம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் அங்கே கணக்கே வேறு. தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம், அதில் கோபப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டு போனால் சரி.

“ஆயிரம் பேர் அப்ளை பண்ணிருக்காங்க” என்று யாராவது சொன்னால் மிரண்டுவிடாதீர்கள். அந்த ஆயிரத்தில் பாதிப் பேர் நாலு பள்ளியிலும் விண்ணப்பம் போட்டிருக்கும் அதே ஆட்கள்தான்! எல்லோரும் ஓரிடத்தில் பணம் கட்டிய பிறகு மற்ற இடங்களில் காலியாகும், ஏப்ரல் மே மாதங்களில் இடமாறுதல் வந்து சிலர் ஊரைவிட்டே போவார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். போன் செய்தால் மறந்துவிடுவார்கள்.

விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். விஜயதசமி முடிந்ததுமே விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள், பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சில இடங்களில் கதவு சாத்தியிருக்கும்.

அப்புறம் காகிதங்கள். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது பிறப்புச் சான்றிதழில்தான், ஏனென்றால் பெயர் வைப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து பதிவாகிவிடுவதால் அதில் குழந்தையின் பெயரே இருக்காது. ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று போய் வர நாளாகும், முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால், அல்லது வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் (பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் போன்றோர்) வந்தால், 25 சதவீத இடத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஜூலை 31ல் குழந்தைக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும், ஆனால் 2025ல் ஒன்றிய அரசின் நிதி வராமல் அக்டோபர் வரை இழுத்துவிட்டது. அதனால் அதை மட்டும் நம்பி உட்காராமல் வேறொரு இடமும் பார்த்துவையுங்கள்.

இன்டர்வியூ என்று கூப்பிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவுப்படி குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். நடைமுறையில் “சும்மா பேசிப் பார்க்கிறோம்” என்பார்கள். அங்கே போய்ச் சட்டம் பேசினால் சீட் கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். போங்கள், குழந்தையைத் தூக்கம் கலையாத நேரத்தில் கூட்டிப் போகாதீர்கள், அவன் வாய் திறக்காவிட்டாலும் பதறாதீர்கள்.

ஆனால் நன்கொடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதுவும் அதே பிரிவில் தடை செய்யப்பட்டதுதான், வாங்கிய தொகையைப் போல பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் தனிக் குழுவே இருக்கிறது. எவ்வளவு நிர்ணயித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள், “கட்டட நிதி, ரசீது கிடையாது” என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.