கல்லூரி பார்க்கப் பினாங்குக்குக் கிளம்பும் முன்

போன பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மனைவியின் தம்பி காரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஜூரு டோல் தாண்டிட்டோம். யூ.எஸ்.எம். பார்த்துட்டு அப்படியே கொடிமலை ஏறிடலாம்னு இருக்கோம்."

"பையன் என்ன படிக்கப் போறான்?"

"மெக்கானிக்கல் இஞ்சினியரிங்."

"அப்படின்னா வண்டியைத் திருப்பு. நீ பார்க்க வந்த இடம் பின்னாலேயே போயிடுச்சு."

எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே கூத்து. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள், மூன்று மருமக்கள் என்று இந்தக் கே.எல். (கோலாலம்பூர்)-பினாங்கு பயணத்தைப் பல தடவை ஓட்டியாயிற்று. டயர் காற்று, மாற்றுத் துணி, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நம்மில் பலரும் செய்கிற, செய்யக் கூடாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து வண்டியை விடுவது

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யூ.எஸ்.எம்., 1969-இல் தொடங்கியது. தலைமை வளாகம் தீவில், கெலுகோரில் இருக்கிறது. பொறியியல் வளாகம் அங்கே இல்லை. அது பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறது. கே.எல்.-இல் இருந்து வருகிறவர்களுக்குப் பாலத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். மருத்துவமும் பல் மருத்துவமும் பினாங்கிலேயே இல்லை. கிளந்தானில், குபாங் கெரியானில்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், பொறியியல் தனி வளாகம் என்பது எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் அங்கே படித்தவர். அவர் காலத்தில் அது பேராக்கில், துரோனோவில் இருந்தது. பிறகு அந்த இடம் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் ஆனது. 2001-இல் பொறியியல் நிபோங் திபாலுக்கு மாறியது. நானோ, துரோனோவை விட்டவர்கள் தீவுக்குத்தான் போயிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் கேட்க மாட்டான் இல்லையா!

விடியற்காலை நாலரைக்குச் செந்தூலிலிருந்து கிளம்பினோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். சுங்கை பேராக் ஆர்.என்.ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) கட்டிக்கொண்டு போன இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் பாலம் ஏறி, படம் எல்லாம் பிடித்து, பத்தரைக்குக் கெலுகோர் வாசலில் நின்றோம். காவலாளி பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இஞ்சினியரிங்கா? இங்கே இல்லை, அங்கிள்" என்று மலாயில் சொன்னார். நிபோங் திபாலில் மூத்த மாணவர் ஒருவர் பதினொரு மணிக்குச் சந்திப்பதாகப் பையனிடம் சொல்லியிருந்தாராம். எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

திரும்பப் பாலம், திரும்ப நெடுஞ்சாலை. அது வெள்ளிக்கிழமை வேறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அலுவலகம் 12.15-க்கே தொழுகை இடைவேளைக்கு மூடியாயிற்று, இனி 2.45-க்குத்தான் திறக்கும். மூத்த மாணவரும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். தங்கும் ஹோட்டலோ தீவில். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல் என்பதால், ஒரே நாளில் இரண்டு முறை கட்டினேன்.

டோலும் எண்ணெயும் போனால் போகட்டும். அன்று மாலை பையன் சொன்னான், "எனக்கு இந்த யூனிவர்சிட்டி வேண்டாம்ப்பா." வளாகத்துக்குள் அவன் நாற்பது நிமிடம்கூட இருக்கவில்லை. ஒரு ஆய்வுக்கூடத்தையும் பார்க்கவில்லை. அப்பாவின் கோபம், பாட்டியின் முனகல், தங்கையின் அழுகை, இவற்றை வைத்து ஒரு பல்கலைக்கழகத்தையே தள்ளிவிட்டான். வேறு இடத்தில் படித்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் முடிவெடுத்தது அவன் இல்லை, அந்தக் கார்.

இது யூ.எஸ்.எம்.-க்கு மட்டுமான கதை இல்லை. மற்றப் பல்கலைக்கழகங்களும் இப்படித்தான். யூ.கே.எம். பாங்கியில் என்றால் அதன் மருத்துவம் செராஸில். யூ.டி.எம். ஜொகூர் ஸ்கூடாயிலும் உண்டு, கே.எல்.-இலும் உண்டு. உத்தாருக்குக் கம்பாரில் ஒன்று, சுங்கை லோங்கில் ஒன்று. தஞ்சோங் மாலிம் உப்சியில் ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு வளாகம். ஆகவே வரைபடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டாதீர்கள். எந்தத் துறையோ அந்தத் துறையின் பக்கத்தில் போட்டிருக்கும் முகவரியை எடுத்துப் போடுங்கள். பிள்ளையையே போடச் சொன்னால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை போவது

மேலே சொன்னதே போதும். கெடா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக: அங்கே மாநில வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பார்க்கப் போவதாக இருந்தால் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து மெர்போக் கிட்டத்தில்தான். பூஜாங் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு வரலாம். நாம் கடாரம் என்று படித்த மண்.

காலையில் மலை, மதியம் கல்லூரி

பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. ஏறி இறங்கி, நாசி கண்டாரும் சாப்பிட்ட பிள்ளையை மதியம் இரண்டு மணிக்கு விளக்கக்கூட்டத்தில் உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்வான். நானும் தூங்கினேன். கல்லூரியைக் காலையில் முடியுங்கள், முருகன் மாலையிலும் அங்கேதான் இருப்பார்.

எல்லாச் சுற்றுலாவும் தீவில்தான் என்று நினைப்பதும் வேண்டாம். அன்று வண்டியைத் திருப்பிய என் மைத்துனன் நிபோங் திபாலிலேயே தங்கிவிட்டான். பகலில் பையன் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்தான். இரவு குடும்பத்தோடு நண்டு சாப்பிட்டுவிட்டு, கிரியான் ஆற்றில் படகேறி மின்மினி பார்த்தார்கள். கொடிமலையை யாரும் ஞாபகப்படுத்தவே இல்லையாம்.

பாலத்தில் தொழிற்சாலை நேரம்

காலையில் தீவுக்குள் போகாதீர்கள், மாலை ஐந்துக்கு மேல் வெளியே வராதீர்கள். தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் முழுக்கப் பாலத்தில்தான் நிற்கும். தென்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் இருக்கிறது. பத்து காவானில் ஏறினால் பத்து மாவுங்.

டோல் கட்டும் டச் அன் கோ அட்டையில் காசு இல்லாமல் கிளம்புவது

வேண்டாம்.

அப்பா மட்டும் பேசுவது

முகப்பில் "என் மகனுக்கு ஹாஸ்டல் கிடைக்குமா" என்று நாம் கேட்க, மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டாவது பிள்ளை தடவை நான் என்ன செய்தேன் தெரியுமா? மகளைக் கேண்டீன் வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், மூன்று மாணவிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள், இன்னும் அரை மணி நேரம் ஆகட்டுமாம்.