எல்லாம் சிஐஏ வேலை என்று பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ எந்த கேரம் கிளப்பில் உட்கார்ந்தாலும், பேச்சு போதைக் கடத்தல் பக்கம் திரும்பியதும் யாராவது ஒருவர் "எல்லாம் சிஐஏ வேலைப்பா" என்று அமெரிக்க உளவு அமைப்பின் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுவார். அந்த இடத்தில்தான் முதல் தவறு. கடத்தலைத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது, கடத்துகிறவனுக்கே காசு கொடுத்து வைத்துக்கொள்வது, தானே கடத்துவது, இந்த மூன்றும் வேறு வேறு குற்றங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆதாரம் வேண்டும்.

பனாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூகோ ஸ்பாடஃபோரா ஒரு டாக்டர், முன்னாள் சுகாதாரத் துணை அமைச்சர். ராணுவத் தளபதி நோரியேகா கொக்கைன் கடத்தலில் இருக்கிறார் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1985 செப்டம்பரில் கோஸ்டா ரிகாவிலிருந்து எல்லை தாண்டி பஸ்ஸில் வந்தவரை ராணுவத்தினர் இறக்கிக் கொண்டுபோனார்கள், அப்புறம் தலையில்லாத உடல் ஓர் அஞ்சல் சாக்கில் கிடைத்தது. நோரியேகாவுக்கு சிஐஏவும் அமெரிக்க ராணுவமும் பல வருஷமாக 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததைப் பின்னாளில் மியாமி கோர்ட்டில் அமெரிக்க அரசே ஒத்துக்கொண்டது. இதை வைத்து "சிஐஏதான் டாக்டரைக் கொன்றது" என்று தாவாதீர்கள், அப்படி எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. இப்படி ஒரு கொலை நடந்த பிறகும் 1988 பிப்ரவரி வரை நோரியேகா மேல் அமெரிக்காவில் ஏன் குற்றச்சாட்டு பதிவாகவில்லை என்று கேளுங்கள், அதற்குத்தான் பதில் சொல்ல முடியாமல் திணறுவார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்குவது. நிகராகுவா அரசை எதிர்த்துச் சண்டை போட்ட, அமெரிக்க ஆதரவு பெற்ற கான்ட்ரா படையினருக்கு உதவிய கடத்தல்காரர்களைப் பற்றி 1989-லேயே அமெரிக்க செனட் துணைக்குழு அறிக்கை கொடுத்தது. இன்னும் மோசம், 1982-ல் சிஐஏவும் அமெரிக்க நீதி அமைச்சகமும் செய்துகொண்ட ஏற்பாட்டில், சிஐஏவின் நேரடி ஊழியர் அல்லாத ஆட்கள் போதைப்பொருள் கடத்தினால் அதைத் தெரிவிக்கும் கட்டாயமே இருக்கவில்லை. காகிதத்தில் எழுதி வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள்!

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். இங்கே ஓர் அரசியல்வாதியை வெட்டினால், அன்று ராத்திரியே "கஞ்சா மேட்டர்", "உளவுத்துறைக்கு முன்னாடியே தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அதை அனுப்புகிறவர்களுக்குச் செத்தவர் வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளைகளின் நினைப்பே இல்லை. ஒரு பெயரைத் தூக்கிப் போட்டால் அந்தத் தெருப் பையன்கள் எல்லாரையும் போலீஸ் சந்தேகத்தில் அள்ளிக்கொண்டு போகும், கூலிப்படைக்குக் காசு கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான். ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால் எஃப்ஐஆரைப் படியுங்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றைப் போலீஸ் இணையதளத்தில் போட்டாக வேண்டும். யார் புகார் கொடுத்தது, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு என்று அதிலேயே இருக்கும்.