சோஷியாலஜியும் இங்கிலீஷும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருந்துகொண்டு இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பரீட்சை அட்டவணையை. சிலபஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. என்றால் பெரும்பாலும் ஒரே மேஜர்தான். மற்ற பாடம் அல்லைடாக வந்தால் உண்டு, அதுவும் சில பேப்பரோடு முடிந்துவிடும். இரண்டிலும் பட்டம் வேண்டுமென்றால் ஒன்றை ரெகுலரிலும் இன்னொன்றைத் தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கு வழிவிட்டது. எதை ரெகுலரில் வைப்பது? இங்கிலீஷை. கவிதையை ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பிரித்துக் காட்டினால்தான் பிடிபடும். சோஷியாலஜிக்குப் பாடப்புத்தகத்தோடு தெருவும் வாத்தியார்.

தொலைநிலைக்கு இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற இடத்தில் சேர்ந்தால் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். கல்லூரி செமஸ்டர் ஏப்ரல்-மே, நவம்பர்-டிசம்பர். ஆகவே ஜூனில் தொல்லை குறைவு, டிசம்பரில்தான் இடிக்கும். இக்னோவில் எல்லாப் பேப்பரையும் ஒரே முறையில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. டிசம்பருக்கு ஒன்றிரண்டு மட்டும் கட்டிவிட்டு மீதியை ஜூனுக்குத் தள்ளுங்கள். அசைன்மென்ட் கைப்பட எழுத வேண்டும். தேர்வில் பாஸானாலும் அசைன்மென்ட் கொடுக்காவிட்டால் அந்தப் பேப்பர் முடிந்த கணக்கில் வராது. பலரும் வழுக்குவது இங்கேதான். இன்னொன்று, டி.சி. ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது இடத்தில் ஒரிஜினல் கேட்பார்களா என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படிக்கத் தொடங்கியதும் ஒரு நீள நோட்டை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் சோஷியாலஜி, வலப்பக்கம் இங்கிலீஷ். இரண்டு பாடத்திலும் வருகிற ஒரே சொல்லைத் தலைப்பாக எழுதுங்கள். ஏலியனேஷன் என்ற சொல்லைப் பாருங்கள். மார்க்ஸிடம் அது தொழிலாளி தான் செய்த பொருளிலிருந்தும், செய்யும் வேலையிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், தன் மனிதத் தன்மையிலிருந்தும் பிரிந்து போவது. நாவல் வகுப்பில் அதே சொல் ஒரு பாத்திரத்தின் தனிமையைக் குறிக்கும். நாடக வகுப்பில் ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் வந்தால் மூன்றாவது அர்த்தம்: பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று யோசிக்க வைக்கும் உத்தி. இதைக் குழப்பிக்கொண்டு எழுதும் பத்து மார்க் பதில், எத்தனை பக்கம் போனாலும் மார்க் வாங்காது. கல்ச்சர், ரோல், கிளாஸ், ஏஜென்ஸி என்று இப்படி முப்பது சொல்லாவது தேறும்.

பதில் எழுதும் முறையும் வேறு. இங்கிலீஷில் வரியை மேற்கோள் காட்டி, அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். சோஷியாலஜியில் வரையறை, யார் சொன்னது, எந்த ஆண்டு, நம் ஊர் உதாரணம், மறுப்பு என்று போகும். நாவலில் வருபவரை ஆதாரமாகக் காட்டி 'ஆகவே சமூகம் இப்படித்தான்' என்று முடிப்பது பெரிய தப்பு. நாவல் ஒருவர் எழுதிய பார்வை, சர்வே அல்ல.

மேற்கோள் குறிப்புக்கு இங்கிலீஷ் துறை எம்.எல்.ஏ. முறையைக் கேட்கும் (ஓட்டுக் கேட்டு வருகிறவர் இல்லை): ஆசிரியர் பெயர், பக்க எண். சோஷியாலஜி பெரும்பாலும் ஏ.பி.ஏ.: பெயர், ஆண்டு. தகவல் எப்போது திரட்டியது என்பது அங்கே முக்கியம், அதனால்தான் ஆண்டு முன்னால் நிற்கிறது. ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருளில் நூல் விவரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் முறையை மாற்றுவது ஒரு கிளிக்.

புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். பெரம்பூர் பி அண்டு சி மில் (பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் என்ற பழைய துணி ஆலை) இருந்த பகுதியும், 1918-இல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும் இரண்டு பாடத்துக்கும் சோறு போடும். பழைய செய்தித்தாளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூர் போய்விடலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பேட்டி எடுப்பதாக இருந்தால், பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். 'போட்டு போவல, அடுப்பு எரியாது' என்று ஒரு அம்மா சொன்னால் (போட்டு என்றால் படகு), அதை 'வருமானம் இல்லை' என்று திருத்தினீர்கள் என்றால் இங்கிலீஷ் பேப்பருக்கு வேண்டிய உருவகமும் போச்சு, வீட்டுச் செலவு படகோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்ற சோஷியாலஜியும் போச்சு. தமிழில் ஒரு வரி, கீழே மொழிபெயர்ப்பு, அதன் கீழே யார், எங்கே, எந்தத் தேதி. பெயரை மாற்றிவிடுங்கள், ரெக்கார்டு செய்யும் முன் அனுமதி கேளுங்கள்.

அங்கே மீன் ஏலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் 14-க்குள் போய்விட வேண்டும். 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேசுவார்கள். ஆனால் கையில் காசு இல்லாத காலம், வருமானக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்.