மனநல ஆப் வடிவமைக்கலாம்: வடசேரி பஸ் ஸ்டாண்டில் திறக்கக்கூடியதாக

லேப்டாப்பை மூடி வையுங்கள். முதல் நாளுக்குத் தாளும் பென்சிலும் போதும்.

படி 1: ஒரே ஒரு ஆளை மனதில் வையுங்கள்

நாகர்கோவில் வடசேரியில் சாயங்காலம் மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு மாணவி. மூன்று அரியர். தோளுக்கு மேல் தோழி எட்டிப் பார்க்கிறாள். வீட்டுக்குப் போனால் அதே போனில் தம்பி கேம் விளையாடுவான். ஆப்பின் பெயரிலேயே ‘மனநோய்’ என்று இருந்தால் அவள் இன்ஸ்டாலே செய்யமாட்டாள். ஐகான், நோட்டிபிகேஷன் எல்லாம் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும்.

படி 2: முதல் திரை

மனநிலையைக் கேட்க நான் முதலில் ஐந்து முகப் படங்கள் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் சிரிக்கிற முகத்தையே அமுக்கினார்கள்! அப்புறம் அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதினேன்: “உறக்கம் வரல்ல”, “யார்ட்டயும் பேசத் தோணல்ல”, “வீட்ல சொல்ல முடியாது”. லாகின் கேட்காதீர்கள்.

படி 3: உதவி பட்டன்

எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அமுக்கினால் 14416 எண்ணோடு டயலர் திறக்கவேண்டும். இதற்கு நெட் தேவையில்லை. அது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கால் ஹிஸ்டரியில் எண் பதிவாகும் என்பதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தம்பி கையில் போன் போகும் வீடு அது.

படி 4: கேள்வித்தாள்

மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் பலரும் சேர்ப்பதுதான். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. புதிதாகச் செய்பவர்கள் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கோட்டை விடுவார்கள். 9ஆவது கேள்வி, சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ வரும் எண்ணத்தைக் கேட்கிறது. ஒருவருக்கு மொத்தமே 6 வரலாம். கணக்குப்படி அது ‘லேசானது’. ஆனால் அந்தக் கேள்விக்கு 1 போட்டிருந்தாலும் மதிப்பெண்ணைக் காட்டாமல் உடனே உதவித் திரைக்குக் கொண்டுபோங்கள். ‘உங்களுக்கு மனச்சோர்வு’ என்று ஆப் தீர்ப்புச் சொல்லவே கூடாது. அது டாக்டர் வேலை.

படி 5: தகவல்

எல்லாம் போனிலேயே இருக்கட்டும், சர்வருக்கு வேண்டாம். முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். 18 நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டா அவள் இதைத் திறப்பாள்?

படி 6: சோதனை

“பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் நாலு பேரும் தலையாட்டுவார்கள். தாளில் வரைந்ததைக் கையில் கொடுத்து, “14416 எங்க இருக்கு, தொடு” என்று மட்டும் சொல்லுங்கள். விரல் அலைந்தால் பட்டனை இடம் மாற்றி, அடுத்த தாளை எடுங்கள்.