எஃப்யூசிவ்: கொட்டித் தீர்க்கும் ஒரு சொல்லைப் பழகுவது எப்படி

போன வருஷம் ஒரு வேலையைத் தாமதமாக முடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதும்போது கெத்தாக இருக்கட்டுமே என்று ‘மை எஃப்யூசிவ் அப்பாலஜீஸ்’ என்று போட்டேன். எஃப்யூசிவ் என்றால் உணர்ச்சியைத் தாராளமாகக் கொட்டுகிற என்று பொருள். பதில் ஒரே வரி: ‘ப்ரொஃப்யூஸ் என்று எழுத வந்தீர்களோ?’ காது சிவந்துபோனது. அன்று உட்கார்ந்து படித்ததுதான் இது.

படி 1: வேரைப் பிடியுங்கள். லத்தீனில் ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுவது. அதன் முன்னால் ‘வெளியே’ என்ற பொருள் தரும் ‘எக்ஸ்’ ஒட்டினால் ‘எஃபுண்டெரே’, வெளியே கொட்டுவது. ரத்தம் ஏற்றும் ட்ரான்ஸ்ஃப்யூஷனும், கடைக்காரர் திருப்பித் தரும் ரீஃபண்டும் இதே குடும்பம்தான். ‘மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிட்டான்’ என்கிறோமே, அதே படம்.

படி 2: உச்சரிப்பு. இ-ஃப்யூ-சிவ், அழுத்தம் நடுவில். எழுதும்போது இரண்டு எஃப், ஒரே எஸ்.

படி 3: நான் வழுக்கிய இடம், நிதானமாகப் படியுங்கள். எஃப்யூசிவ் என்பது பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்க்கிறவர் சொல்லும் சொல். ‘மாமா எஃப்யூசிவாக வரவேற்றார்’ என்று நீங்கள் சொல்லலாம். ‘நான் உங்களை எஃப்யூசிவாக வரவேற்கிறேன்’ என்று மாமா சொன்னால் சிரிப்பு வரும். ‘உருகி உருகி நன்றி சொல்கிறேன்’ என்று தன்னைப் பற்றி யார் எழுதுவார்கள்? நாமே மன்னிப்புக் கேட்கும்போது வழக்கில் உள்ளது ‘ப்ரொஃப்யூஸ் அப்பாலஜீஸ்’. வியர்வைக்கும் ரத்தப்போக்குக்கும்கூட ப்ரொஃப்யூஸ்தான். ப்ரொஃப்யூஸ் ‘ஏராளம்’ என்று அளவைச் சொல்கிறது. எஃப்யூசிவ் உணர்ச்சியைச் சொல்கிறது. பாராட்டு, நன்றி, வரவேற்பு இந்த மூன்றோடும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

படி 4: தொனி. எஃப்யூசிவுக்குச் சில இடத்தில் ‘வாயாரப் புகழ்ந்தார்’ என்று பொருள், சில இடத்தில் ‘ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து தள்ளினார்’. இரண்டாவதில் லேசாக ஒரு குத்தல் இருக்கிறது இல்லையா? எஃப்யூசிவுக்குப் பதில் ‘கஷ்’ (பீறிட்டுக் கொட்டுவது) என்று வந்தால் அந்தக் குத்தல் இன்னும் கூர்மை.

அகராதி விஷயத்தில் என் கட்சி இதுதான்: ஆங்கிலம்-தமிழ் அகராதி மட்டும் போதாது. ‘பொங்கி வழிகிற’ என்று பொருள் போட்டுவிட்டுப் போய்விடும். எந்தச் சொல்லோடு சேரும் என்று சொல்லாது. கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். பொருளை அப்புறம் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை 1: ஒருவர் பதறிப்போய் எழுதியிருந்தார், அப்பாவின் எக்ஸ்ரே அறிக்கையில் ‘ப்ளூரல் எஃப்யூஷன்’ என்று இருக்கிறதாம். அங்கே உணர்ச்சி எதுவும் இல்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். டாக்டரைப் பாருங்கள், அகராதியை மூடுங்கள்.

பிற்சேர்க்கை 2: புவியியல் மாணவி ஒருவர் ‘எஃப்யூசிவ் எரப்ஷன்’ பற்றிக் கேட்டார். வெடித்துச் சிதறாமல், எரிமலைக் குழம்பு வழிந்து ஓடும் வகை அது. ஹவாயில் குழம்பு இளக்கமானது, வாயு எளிதாகப் பிரிந்துவிடுகிறது, அதனால்தான். வழிந்து ஓடுவதுதானே என்று சாதுவாக நினைக்க வேண்டாம். 2018ல் ஹவாயின் கிலவேயா எரிமலையின் கிழக்குச் சரிவில் வழிந்த குழம்பு சுமார் 700 வீடுகளை விழுங்கியது.