வெள்ளக் கணக்கிலும் வறட்சிக் கணக்கிலும் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

மழைப்பதிவும் ஆற்று நீர்வரத்தும் பார்க்கிற வேலைக்கு நான் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது என் நேரத்தில் பாதி, புதிதாகச் சேர்ந்தவர்கள் போட்டுக் கொண்டுவரும் கணக்கைச் சரிபார்ப்பதில் போகிறது. போன மாதம் மட்டும் மூன்று பேர், நான் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறோடு வந்து நின்றார்கள். மூவருமே கெட்டிக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் அப்படி. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

வானிலை வேறு காலநிலை வேறு, ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்கக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆண்டு மொத்தம் மாறவில்லையே என்று நிம்மதி அடைவது

முப்பது வருட மழையை வரிசையாகப் போட்டு, நடுவே ஒரு கோடு இழுப்பார்கள். கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “இங்கே எதுவும் மாறவில்லை” என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அறுபது நாளில் பெய்த 900 மில்லிமீட்டரும் முப்பத்தைந்து நாளில் பெய்த 900 மில்லிமீட்டரும் அந்தக் கோட்டில் ஒரே புள்ளிதான். மண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு மணி நேரத்தில் மண் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் விழுவதெல்லாம் ஓடிவிடும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை கொட்டும்போது அந்தக் கூடுதலும் சேர்ந்து கொட்டுகிறது. கொட்டாத நாட்களில் அதே காற்று மண்ணின் ஈரத்தை முன்பைவிட வேகமாக உறிஞ்சுகிறது. ஒரே ஊரில், ஒரே வருடத்தில், வெள்ளமும் வறட்சியும் வருவது இதனால்தான்.

சீனாவின் ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. அங்கே ஒரு வருடம் முழுவதும் பெய்வதே சராசரியாக 640 மில்லிமீட்டர் அளவுதான். சுரங்க ரயில் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி மக்கள் இறந்தார்கள். ஆண்டு மொத்தம் மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் கண்ணிலேயே படாது. மொத்தத்தோடு, தொடர்ந்து மழையில்லாத நாட்களின் நீளத்தையும், ஒரு மணி நேர உச்சத்தையும், ஒரு நாள் உச்சத்தையும் எடுத்து வையுங்கள்.

“நூறாண்டு வெள்ளம்” என்ற எண்ணை அப்படியே நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சொற்ப வருடப் பதிவை வைத்து, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் இது என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதுவும் இரண்டு தசமத்தோடு. போன மாதம் வந்தவரின் அட்டவணையில் வினாடிக்கு 412.37 கன மீட்டர் என்று இருந்தது. கையில் இருந்தது 31 வருடப் பதிவு. அந்த .37 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எக்செல் கொடுத்தது என்றார்.

முதலில் அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். நூறாண்டு வெள்ளம் என்றால், எந்த ஒரு வருடத்திலும் அது வருவதற்கான வாய்ப்பு 1 சதவீதம் என்று மட்டுமே பொருள். போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் கவலை இல்லை என்று பொருள் அல்ல. 30 வருடம் ஒரே வீட்டில் குடியிருப்பவர் அதைச் சந்திக்க வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நான்கில் ஒன்று! நான்கில் ஒன்று என்று சொன்னால் மக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நூறாண்டு என்று சொன்னால் பேரனின் கவலை என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்த மூன்று வருடங்களும் “500 ஆண்டு வெள்ளம்” என்று சொல்லப்பட்ட வெள்ளங்கள் வந்தன.

அடுத்தது, பதிவின் நீளம். ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கு எனக்கு இதில் மறக்கவே முடியாத பாடம். ஆல்டனார் என்ற இடத்தில் இருந்த நீர்மட்ட அளவியின் பதிவு 1940-களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. அந்தப் பதிவை வைத்து, நூறாண்டு வெள்ளம் வினாடிக்கு 241 கன மீட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதே ஆற்றில் 1804-லும் 1910-லும் பெருவெள்ளம் வந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எழுத்தில் இருக்கிறது. ஆனால் அது அளவியின் பதிவு இல்லை என்பதால் அபாய வரைபடக் கணக்கில் சேரவில்லை. 2021 ஜூலையில் வந்த வெள்ளம் அந்த 241-ஐப் பல மடங்கு தாண்டியது. அளவியையே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு ஆற்றோரத்தில் குடிநீர் நீரேற்று நிலையம் கட்ட, தரைமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. 28 வருடப் பதிவு இருந்தது. கணக்குப் போட்டேன், எண் வந்தது. இடத்தைப் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு வாசல் நிலையில் அடித்திருந்த ஆணியைக் காட்டினார். “தம்பி, தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. எங்கப்பா அடிச்ச ஆணி இது.” எந்த வருடம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வருடம் இல்லாத தகவலை எந்த வரிசையில் சேர்ப்பது? சரிங்க பாட்டி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மட்டம் பார்க்கும் கருவி வண்டியிலேயே இருந்தது. எடுத்து அளந்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நிலையம் கட்டி இரண்டாவது வருடம் தண்ணீர் உள்ளே போனது. மோட்டார்கள் மூழ்கின, மின்பலகை கெட்டது. பதினோரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. வடிந்த பிறகு போய் அந்த ஆணியை அளந்தேன். நான் குறித்துக் கொடுத்த தரைமட்டத்தைவிட 1.1 மீட்டர் உயரத்தில் இருந்தது. புதிய சேற்றுக் கோடு ஆணிக்கு ஒரு சாண் கீழே. அதாவது, பாட்டியின் அப்பா பார்த்த வெள்ளம் இதைவிடப் பெரியது. பாட்டி என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது விஷயம், பதிவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது வேறொரு காலநிலையின் பதிவு. ஐபிசிசி-யின் (காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழு) ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை 2021-ல் கொடுத்த கணக்கைப் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலநிலையில் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெய்த பெருமழை, உலகம் 1.5 டிகிரி சூடானால் 1.5 மடங்கு அடிக்கடி வரும். 2 டிகிரியில் 1.7 மடங்கு. 4 டிகிரியில் 2.7 மடங்கு. இது உலக நிலப்பரப்புக்கான சராசரி, ஒவ்வொரு ஆற்றுக்கும் இதே எண் பொருந்தாது. ஆனாலும் நேற்றைய நூறாண்டு வெள்ளத்தை அறுபது வருடம் நிற்க வேண்டிய பாலத்துக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

வறட்சிப் பக்கத்திலும் இதே தவறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ நதி நீரை 1922-ல் மாநிலங்களுக்குள் பங்கு போட்டபோது கையில் இருந்த பதிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களுடையது. பல நூற்றாண்டுகளில் அதிகம் நனைந்த காலங்களில் ஒன்று அது என்று மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்த பிறகே தெரிந்தது. அதற்குள், ஆற்றில் வழக்கமாக ஓடாத தண்ணீருக்கும் உரிமை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

அப்புறம் என்னதான் செய்வது? ஒற்றை எண் கொடுக்காதீர்கள், வீச்சாகக் கொடுங்கள். 412.37 என்பதற்குப் பதில், “300-லிருந்து 600 வரை இருக்கலாம், நடுவே 400-ஐ ஒட்டி” என்று எழுதினால் படிப்பவர் உங்களைக் கேள்வி கேட்பார். கேட்கட்டும். ஆணி, சேற்றுக் கோடு, பழைய கடிதம், கல்லில் செதுக்கிய மட்டம், எது கிடைத்தாலும் அளந்து எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டாலும், “தண்ணீர் ஒருமுறையாவது இவ்வளவு ஏறியது” என்பது பெரிய தகவல். கடைசியாக, நாம் கொடுத்த எண்ணைத் தண்ணீர் தாண்டினால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். மோட்டாரை மேலே ஏற்றி வைக்க முடியுமா, மின்பலகையை மாடியில் வைக்க முடியுமா என்ற பேச்சு அந்தப் பத்தியிலிருந்துதான் தொடங்கும்.

காலை ரீடிங்கை உண்மையான 24 மணி நேர மழையாக எடுத்துக்கொள்வது

மழைமானியைத் தினமும் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பார்த்து எழுதுகிறார்கள். மழை அந்த நேரத்தைப் பார்த்துப் பெய்வதில்லை. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் மதியம் வரை 240 மில்லிமீட்டர் கொட்டினால், பதிவேட்டில் ஒரு நாளுக்கு 130, அடுத்த நாளுக்கு 110 என்று இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். 240 என்ற எண் எங்கேயும் இருக்காது. மணிக்கணக்கு ரீடிங் இல்லாத இடத்தில், ஒரு நாள் உச்சத்தை 1.13-ஆல் பெருக்கிக்கொள்வது துறையில் பழைய வழக்கம். அது பல புயல்களின் சராசரிக்கான திருத்தம். தனி ஒரு புயலுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பாருங்கள்.

வறட்சி என்றால் மழை இல்லாதது மட்டும் என்று நினைப்பது

மழை என்பது வரவு. வெப்பம் செலவை ஏற்றிக்கொண்டே போகிறது. வழக்கமான மழை பெய்த வருடத்திலும் ஆவியாதல் கூடினால் மண் காயும். மழைக் குறைவை மட்டும் வைத்துப் போடும் வறட்சிக் குறியீட்டு எண்ணில் இது தெரியாது. ஆவியாதலையும் கழிக்கும் குறியீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பனி உள்ள இடங்களில் இன்னொரு வகை உண்டு. 2015 ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் பனியின் நீரளவு வழக்கத்தில் 5 சதவீதமே இருந்தது. மழை குறைந்ததோடு குளிர்காலமும் சூடாக இருந்தது. பனியாக நின்று கோடையில் மெல்ல உருகி வந்திருக்க வேண்டியதில் ஒரு பங்கு, குளிர்காலத்திலேயே மழையாக விழுந்து ஓடிவிட்டது.

ஒரு நல்ல மழையோடு வறட்சி முடிந்தது என்று எழுதுவது

புல் பச்சையாகிவிடும். நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

கரை கட்டியாகிவிட்டது என்று மறந்துவிடுவது

கரைக்குப் பின்னால் வீடுகள் பெருகும். கரை உடையும் நாளில் முன்பைவிட அதிகம் பேர் அங்கே இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று எழுதுவது

நேர் எதிர்த் தவறு என்பதால் இதையும் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னாவில் பெருமழை பெய்தது உண்மை. சூடான உலகில் அப்படிப்பட்ட மழைக்கு வாய்ப்பு கூடியிருப்பதும் உண்மை. ஆனால் ஊரை அழித்தது, 1970-களில் கட்டிப் பல காலம் பராமரிக்காமல் விட்ட இரண்டு அணைகள் உடைந்தது. மழையை மட்டும் எழுதினால் அணையைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

2019-லிருந்து 2021 வரை தெற்கு மடகாஸ்கரை வாட்டிய வறட்சியில் காலநிலை மாற்றத்தின் பங்கு மிகச் சிறியது என்று ஆய்வில் தெரிந்தது. 2020-லிருந்து கிழக்கு ஆஃப்ரிக்கக் கொம்புப் பகுதியில் அடுத்தடுத்து ஐந்து பருவமழை பொய்த்த வறட்சியில் அதன் பங்கு மிகப் பெரியது. அதே ஆய்வுக் குழு, அதே முறை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போடுவது

ரீடிங் எடுக்காத நாளுக்குப் பூஜ்யம் போட்டால், வராத வறட்சி ஒன்று உங்கள் அட்டவணையில் வந்துவிடும். வெள்ளத்தில் இது இன்னும் மோசம். பெருவெள்ளம் வரும் நாளில்தான் அளவி அடித்துப் போகும், ரீடிங் எடுப்பவரும் அங்கே போக முடியாது. ஆக, முப்பது வருடத்தில் மிக முக்கியமான கட்டம்தான் வெற்றாக இருக்கும். அதில் பூஜ்யமும் போடாதீர்கள், முன்பின் நாட்களின் சராசரியும் போடாதீர்கள். வெற்றாகவே விட்டு, பக்கத்தில் “அளவி போய்விட்டது” என்று தேதியோடு எழுதுங்கள். பிறகு அந்த ஊருக்குப் போய், சுவரில் சேற்றுக் கோடு எங்கே இருக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள்.