மணிக்கூட்டை நகர்த்தும் இரண்டு ஞாயிறுகள்: ரொறன்ரோவில் நேரமாற்றத்தை எதிர்கொள்ளும் முறை

ஊரிலிருந்து புதிதாக ரொறன்ரோவுக்கு வந்து சேர்பவர்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறும் விடயங்களில் ஒன்று, ஆண்டுக்கு இரண்டு முறை மணிக்கூட்டை மாற்ற வேண்டியிருப்பது. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியானதும் முள்ளை 3 மணிக்குத் தள்ளி வைக்கிறோம்; இதுவே கோடைகால நேரம். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணியானதும் அதை 1 மணிக்குப் பின்னிழுக்கிறோம். 2007ஆம் ஆண்டிலிருந்து ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணமும் அமெரிக்காவின் பெரும்பகுதியும் இந்த நாட்களையே பின்பற்றுகின்றன. கைத்தொலைபேசி தானாகவே மாறிவிடும். அடுப்பு, வாகனம், சுவர் மணிக்கூடு ஆகியவற்றைச் சனிக்கிழமை இரவு படுக்கப் போகுமுன் நாமே மாற்றிவிட வேண்டும்.

இது எதற்காக என்பது வெப்பமண்டலத்தில் பிறந்தவர்களுக்கு எளிதில் விளங்காது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ரொறன்ரோவில் அது ஏறக்குறைய ஆறரை மணித்தியாலம். ஜூன் மாதக் கடைசியில் இங்கே சூரியன் காலை 5.36 அளவில் உதித்து இரவு 9 மணி கடந்து மறைகிறது. மணிக்கூட்டை மாற்றாமல் விட்டிருந்தால் 4.36க்கே விடிந்திருக்கும், எட்டு மணிக்கு இருண்டிருக்கும். எல்லோரும் உறங்கும் வேளையில் வந்து போகும் ஒரு மணித்தியால வெளிச்சத்தை மாலைக்கு மாற்றிக் கொடுப்பதே கோடைகால நேரத்தின் வேலை. வெளிச்சம் புதிதாக உண்டாவதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அதன் நன்மையையும் தீமையையும் எடைபோடுவது எளிது: மாலைக்குக் கிடைப்பது முழுவதும் காலையிலிருந்து எடுக்கப்பட்டதே.

முதலில் மார்ச் மாதத்துக்கான ஆயத்தத்தைச் சொல்கிறேன், ஏனெனில் உடலை வருத்துவது அந்த மாற்றமே. ஒரே இரவில் ஒரு மணித்தியால உறக்கத்தை இழப்பதைவிட, புதன் தொடங்கிச் சனி வரை நான்கு இரவுகளில் ஒவ்வோர் இரவும் முந்திய இரவைவிட 15 நிமிடம் முன்னதாகப் படுத்து, மறுநாள் அதே அளவு முன்னதாக எழுவது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம். உறக்கத்தோடு இராச் சாப்பாட்டையும் குளிப்பாட்டும் நேரத்தையும் சேர்த்து நகர்த்தினால்தான் அவர்கள் இணங்குவார்கள். ஞாயிறு காலை, குளிராக இருந்தாலும், மேலங்கியை அணிந்துகொண்டு அரை மணித்தியாலம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான். அன்று பகலில் நீண்ட நேரம் உறங்கிவிட்டால் இரவு உறக்கம் வராது, திங்கட்கிழமை மேலும் கடினமாகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமையை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். வசந்தகால மாற்றத்தை அடுத்த நாட்களில் மாரடைப்பு சற்றுக் கூடுவதைச் சுவீடன் நாட்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2008இல் எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்காவில் அந்த வாரத்தில் உயிரிழப்பு ஏற்படும் வாகன விபத்துகள் ஏறத்தாழ 6% அதிகரிப்பதாகக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் கண்டது. ஆகவே வேலைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள், நீண்ட தூர வாகன ஓட்டத்தை வேறு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். இதயநோய் உள்ள பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர்கள் அவர்களை அதிகாலையில் அவசரப்படுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும், இத்தனை மணித்தியாலத்துக்கு ஒன்று எனக் கணக்கிட்டு மருந்து எடுப்பவர்களும் முந்திய வாரமே மருந்தாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரவுப் பணி செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 7 மணி வரையான பணிமுறை, மார்ச் மாதத்தில் ஏழு மணித்தியாலம், நவம்பர் மாதத்தில் ஒன்பது மணித்தியாலம். நவம்பர் மாதத்தில் உழைத்த அந்தக் கூடுதல் மணித்தியாலம் சம்பளச் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊருக்குத் தொலைபேசி எடுப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ரொறன்ரோ நேரத்தின் காலையை மாலையாக, மாலையைக் காலையாகப் புரட்டி, கோடையில் இரண்டரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணித்தியாலமும் கழித்தால் இலங்கை நேரமும் இந்திய நேரமும் கிடைத்துவிடும். இங்கே இரவு 8 மணி என்றால், அங்கே கோடையில் மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. இலண்டனில் உறவினர் இருந்தால் மேலும் கவனம் வேண்டும். அங்கே மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறுமே மாற்ற நாட்கள். எனவே வழக்கமாக ஐந்து மணித்தியாலமாக இருக்கும் இடைவெளி, மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் நான்காகக் குறைந்துவிடும்.

நல்ல நேரம் பார்ப்பவர்கள் இராகுகாலத்தை மனப்பாடக் கணக்கில் வைத்திருப்பது இங்கே பிழையாகிவிடும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்பது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் என்ற அடிப்படையில் சொல்லப்பட்டது. இராகுகாலம் பகற்பொழுதை எட்டாகப் பிரித்துக் கணிக்கப்படுவது; அது சூரியனைப் பின்பற்றுமேயன்றி அரசின் மணிக்கூட்டை அன்று. மார்ச் 20 அளவில் இங்கே உதயம் 7.19 என்பதால், அப்போது வரும் திங்களின் இராகுகாலம் ஏறத்தாழ 8.50 முதல் 10.20 வரை இருக்கும். ரொறன்ரோவுக்கென்றே கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தைப் பயன்படுத்துங்கள்; அதில் கோடைகால நேரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

நவம்பர் மாற்றம் உடலுக்கு இலேசானது, ஆனால் மனதுக்குக் கனமானது. திடீரென ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கறுப்பு உடையில் தெருவைக் கடக்கும் முதியவர்களை ஓட்டுநர்கள் காணத் தவறும் காலம் இது. வெளிர்நிற மேலங்கி அணிவியுங்கள். மாற்ற நாட்களிலேயே புகை எச்சரிப்புக் கருவியின் மின்கலத்தையும் பார்த்துவிடுங்கள் என்று தீயணைப்புத் துறைகள் சொல்வது நல்ல பழக்கம்.

இனி, இந்த ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வி. மின்சாரம் மிச்சமாகும் என்பதே பழைய வாதம். ஜெர்மனி 1916இல் போர்க்காலத்தில் நாடு முழுவதற்கும் இதைக் கொண்டுவந்தது நிலக்கரியைச் சேமிக்கவே. இன்று அந்த வாதம் மெலிந்துவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006இல் இதை ஏற்றபோது, வீடுகளின் மின்செலவு ஏறத்தாழ 1% கூடியதை ஆய்வாளர்கள் கண்டார்கள்; விளக்கில் மிச்சமானதைக் குளிரூட்டியும் சூடாக்கியும் விழுங்கிவிட்டன. இலங்கையிலும் மின்தட்டுப்பாட்டுக்காக 1996இல் மணிக்கூட்டை முன்தள்ளி, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். இருட்டில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளை அந்தக் காலத்துப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

மெய்யான நன்மை கோடை மாலைகள்தான். வேலை முடிந்து வந்தபின் பூங்காவில் பிள்ளைகளோடு மூன்று மணித்தியாலம் வெளிச்சத்தில் கழிப்பது, நீண்ட குளிர்காலம் உள்ள ஒரு நாட்டில் சிறிய விடயம் அன்று. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்ராறியோ 2020இல் நிறைவேற்றிய சட்டம் ஆண்டு முழுவதும் கோடைகால நேரத்தையே நிலைநிறுத்தச் சொல்கிறது. அயலிலுள்ள கியூபெக் மாகாணமும் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலமும் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அமெரிக்கா 1974 ஜனவரியில் இதையே முயன்று, பிள்ளைகள் இருளில் பள்ளிக்குப் போவதைப் பொறுக்காத மக்களின் எதிர்ப்பால் அவ்வாண்டே கைவிட்டது. தைப்பொங்கலன்று ரொறன்ரோவில் சூரியன் 7.50 அளவில் உதிக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தால் உதயம் 8.50 ஆகிவிடும், பொங்கல் வார நாளில் வந்தால், பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்தபின்தான் சூரியன் எழும். உறக்க மருத்துவர்கள் பலர் பரிந்துரைப்பதும் நிலையான குளிர்கால நேரத்தையே. மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத விரும்புபவர்கள், மாற்றத்தை நிறுத்துங்கள் என்பதோடு நின்றுவிடாமல், எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.